காப்புக் கட்டி நான் தடுத்த குரல்

தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலை எட்டே கால் மணிக்கு என் வீட்டுக்காரர் என்னிடம் கடைசியாகப் பேசினார். "சாவி எங்க வெச்சே?" என்று கேட்டார். "ஆணியில பாருங்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஒன்பது மணிக்குள் போன் வந்துவிட்டது. வேலப்பன்சாவடி சர்வீஸ் ரோட்டில் யாரோ கொட்டி வைத்திருந்த மணலில் வண்டி சறுக்கி, தலை நடைபாதைக் கல்லில் மோதியிருந்தது. ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் மாட்டியபடியே தொங்கியதாம். அதைத்தான் முதலில் என் கையில் கொடுத்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை.

இதைப் படிக்கும் அம்மன் பிள்ளைகளில் பல பேருக்கு என்னைத் தெரிந்திருக்காது. என் பெயர் தேவகி. பூந்தமல்லியில் பிறந்து நூம்பலில் வாழ்க்கைப்பட்டவள். வயது நாற்பத்தொன்று. பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் ஊர் எல்லையம்மன் எனக்குச் செய்ததைத் திருவிழா மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் நல்லவள் ஒருத்தி வேண்டினாள், அம்மன் கொடுத்தாள் என்ற கதை இல்லை இது. வயிற்றெரிச்சல் பிடித்தவள் வேண்டினாள். அவளுக்கும் கொடுத்தாள். அந்த அதிசயத்தைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

அன்றைக்கே ஆபரேஷன். மூளை வீங்கியிருக்கிறது, இடம் கொடுக்க வேண்டும் என்று மண்டை ஓட்டில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். பிறகு அதைத் திரும்ப வைத்தார்கள். மாசி முழுக்கக் கண் மூடிக் கிடந்தார். பங்குனியில் கண் திறந்தார். நான் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே விழுந்து கும்பிட்டேன். எழுந்து உள்ளே போய்ப் பார்த்தால், கண்தான் திறந்திருந்தது. பார்வை இல்லை. நான் இந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கம் நின்றாலும் அவர் பார்த்தது மின்விசிறியை. கூப்பிட்டால் திரும்பவில்லை. கிள்ளினால் கை மட்டும் இழுத்துக்கொள்ளும். மூக்கில் குழாய், தொண்டையில் குழாய். இது தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை, இப்படியே இருந்துவிடவும் கூடும் என்றார்கள். என் வயதில் தாலி இருந்தும் புருஷன் இல்லாத நிலை யாருக்கும் வரக் கூடாது.

ஆனி மாதம் அம்பத்தூரில் ஒரு மறுவாழ்வு மையத்தில் படுக்கை கிடைத்தது. அங்கே இருந்த டாக்டர் அம்மா என்னைவிடச் சின்னவர். பொறுமையாகப் பேசுவார். தலைக்கு வெளியே காந்தத்தை வைத்து மூளையைத் தட்டி எழுப்பும் வைத்தியம் ஒன்று உண்டு என்றார். கத்தி இல்லை, ஊசி இல்லை. எட்டு என்று எழுதினால் எப்படி இருக்கும், அந்த மாதிரி ஒரு சுருளை நெற்றிக்கு மேலே பிடிப்பார்கள். டக் டக் டக் என்று மரங்கொத்தி மாதிரி சத்தம் வரும். காதில் பஞ்சு வைப்பார்கள்.

"எல்லாருக்கும் பலிக்கும்னு நான் சொல்ல மாட்டேம்மா. இன்னும் ஆராய்ச்சி நடந்துட்டிருக்கிற வைத்தியம் இது. சில பேருக்கு விழிப்பு கூடுது. சில பேருக்கு ஒண்ணும் ஆகலை. வலிப்பு வரவும் வாய்ப்பிருக்கு, அதுக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்குவோம். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும், மொத்தம் இருபது தடவை" என்றார்.

"இருபது முடிஞ்சப்புறம்?" என்று கேட்டேன்.

"ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பரிசோதனை பண்ணுவோம். கூப்பிட்டா திரும்பறாரா, சொன்னதைச் செய்யறாரான்னு. இருந்தா அடுத்த சுற்று. இல்லைன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பார்த்துக்கறதுதான். படுக்கைக்குக் காத்துட்டிருக்காங்கம்மா."

கையெழுத்துப் போட்டேன். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று அரைஞாண் கயிற்றில் இருந்த வெள்ளித் தாயத்தைக் கழற்றினார்கள். என்னுடைய செல்போனையும் வாசலில் ஒரு தட்டில் வைக்கச் சொன்னார்கள். இந்தத் தட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் பாவத்தில் அதற்கும் பங்கு உண்டு.

அன்று மாலை எல்லையம்மன் முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டினேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "அம்மா, அவர் கண்ணு என்னைப் பார்க்கணும். அவர் வாய் முதல்ல என்னைத்தான் கூப்பிடணும்" என்று வேண்டினேன். அவர் பிழைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கலாம். 'முதல்ல', 'என்னைத்தான்' என்று இரண்டு வார்த்தையை ஏன் சேர்த்தேன் என்றால், விஜியை மனதில் வைத்துத்தான்.

விஜி அவருடைய தங்கை. தாய் தகப்பன் இருவரும் சீக்கிரம் போய்விட்டதால் அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தது இவர்தான். முப்பத்தாறு வயதாகியும் அவளைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். பக்கத்துத் தெருவிலேயே கட்டிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பூ வாங்கினால் இரண்டு பொட்டலம். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. இரண்டையும் பிரித்து முழம் போட்டுப் பார்த்தவள் நான். சத்தியமாகச் சொல்கிறேன், அவளுடையதுதான் நீளம். இதைச் சொல்லி ஒரு தடவை சண்டை போட்டேன். "கண்ணாலயே அளந்து கட்டித் தரா பூக்காரி, அதுக்கு நான் இன்னா பண்றது?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தொன்பது வருஷமாக வரவில்லை.

முதல் பத்து நாள் காந்தம் தட்டியதில் ஒன்றும் நடக்கவில்லை. சிகிச்சை முடிந்து வெளியே கொண்டுவந்ததும் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசச் சொல்வார்கள். அந்த நேரத்தில் மூளை கொஞ்சம் தெளிவாக இருக்கலாம் என்பார் டாக்டர் அம்மா. பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். கட்டின நாளிலிருந்து 'ஏங்க' என்பதைத் தவிர வேறு எதுவும் நான் அவரைக் கூப்பிட்டதில்லை. கூச்சத்தை விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, "மோகன்... மோகன்..." என்று கூப்பிட்டேன். யாரோ என்று நினைத்தாரோ என்னவோ, இமைகூட அசையவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை அவர் முன்னால் மெதுவாக நகர்த்திப் பார்ப்பார்கள். அதையும் அவர் பார்க்கவில்லை.

பதினோராவது நாள் திங்கட்கிழமை. விஜி வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் ஆபீஸ் அட்டெண்டர். அதுவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வந்துகொண்டிருந்தாள். அன்று கல்லூரிக்கு விடுமுறை என்று வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றினாளோ இல்லையோ, நேராகப் போய் அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"இன்னா அண்ணாத்தே, இன்னும் தூங்கிகினு கீறே? பாப்பா வந்துகீறேன் பாரு."

அவர் கண் மின்விசிறியை விட்டது. மெதுவாக இறங்கி வந்தது. விஜியின் முகத்தில் நின்றது.

தெரபிஸ்ட் பெண் கத்தினாள். டாக்டர் அம்மா ஓடி வந்தார். கண்ணாடியை நகர்த்தினார்கள், அதையும் பின்தொடர்ந்தார். விஜி அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தாள். நானும் அழுதேன். எல்லாரும் அதைச் சந்தோஷம் என்று நினைத்தார்கள். சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் வயிற்றில் ஒரு அடுப்பு மூண்டதே, அதை யார் பார்த்தார்கள்? மலஜலம் அள்ளியவள் நான். முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டவள் நான். இவள் வந்து ஒரு குரல் கொடுத்தாள், பார்த்துவிட்டார். கண்ணாடியைக்கூடப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. தன் முகத்தைப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பெண்டாட்டி முகம் தெரியவில்லை.

"தினமும் வாங்க. உங்க குரலைத்தான் அவர் மூளை பிடிச்சுக்கிட்டிருக்கு. அடுத்த வாரம் சனிக்கிழமை பரிசோதனை வரைக்கும் விடக் கூடாது" என்று விஜியிடம் சொன்னார் டாக்டர் அம்மா. விஜி லீவு போட்டாள். செவ்வாய், புதன், வியாழன் வந்தாள். வந்த நாளெல்லாம் அவர் பார்த்தார். வியாழக்கிழமை உதட்டோரம் ஏதோ அசைந்தது. நான் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு கால்மாட்டில் நின்றேன். அவள் போன பிறகு அதே இடத்தில், அதே மாதிரி குனிந்து, அவள் குரலிலேயே "இன்னா அண்ணாத்தே" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். வெட்கக்கேடு. அவர் மின்விசிறிக்குத் திரும்பிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தீ மிதிக்கிறவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். அதுதான் காப்பு. கட்டிவிட்டால் தீமிதி முடிந்து அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பத்து நாள். எந்தக் காரணத்துக்கும் கூடாது.

வியாழன் சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரும் திரும்பி வரும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. வந்த உடனே வாயும் வந்துவிட்டது.

"விஜி, அண்ணனுக்காக நான் தீ மிதிக்கிறதா வேண்டிகினேன். பூசாரி சொல்றாரு, கூடப் பொறந்த ரத்தம் மிதிச்சாத்தான் அம்மா சீக்கிரம் எறங்குவாளாம். நீ காப்பு கட்டிக்கிறியா?"

பூசாரி அப்படிச் சொல்லவே இல்லை. நான் மிதிப்பதாக வேண்டிக்கொள்ளவும் இல்லை.

விஜி ஒரு நொடி யோசித்தாள். "அப்போ பத்து நாளு அண்ணன வந்து பாக்க முடியாதே அண்ணி?"

"நான் இருக்கேன்ல, பாத்துக்க மாட்டேனா?"

"சரி அண்ணி. அண்ணனுக்குத்தானே. கட்டிக்கிறேன்."

மறுநாள் அவள் கையில் மஞ்சள் கயிறு ஏறியபோது பம்பைச் சத்தத்தில் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அம்மன் பேரைச் சொல்லி ஒருத்தியை ஊருக்குள் பூட்டி வைத்துவிட்டு, அந்த அம்மனுக்கே கற்பூரமும் ஏற்றினேன்.

திங்கட்கிழமை காலை போகும்போது மனசு பூவாக இருந்தது. இனி அவருக்கு என் குரல் மட்டும்தான். எப்படியும் பார்த்துத்தானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். அவர் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் பார்க்கவில்லை.

விஜி தினமும் போன் செய்தாள். "அண்ணி, போன அண்ணன் காதாண்ட வெய்யேன். ரெண்டு வார்த்த பேசறேன்" என்பாள்.

"அது காந்த மிஷினு விஜி. போன் உள்ள போனா கெட்டுப் பூடும்னு வாசல்லயே வாங்கி வெச்சிக்கிறாங்க" என்பேன். தட்டில் வைப்பது உண்மைதான். ஆனால் அது அந்த அறைக்கு மட்டும். வெளியே வந்து அரைமணி நேரம் பேசும்போது போன் என் மடியில்தான் இருக்கும்.

டாக்டர் அம்மா கேட்டார். "அந்தத் தங்கச்சி எங்கம்மா?" காப்பு கட்டிய விஷயத்தைச் சொன்னேன். "அதனால என்ன, போன்ல பேசச் சொல்லுங்களேன்" என்றார். "அவ போன் ரிப்பேரு டாக்டர்" என்றேன். இந்தப் பக்கம் ஒரு பொய், அந்தப் பக்கம் ஒரு பொய், நடுவில் என் புருஷன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

வியாழக்கிழமை கண்ணாடியையும் அவர் பார்க்கவில்லை. என்னிடம் வராவிட்டாலும் கண்ணாடியிடமாவது போய்க்கொண்டிருந்த கண், அதுவும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை இருபதாவது தடவை. முடிந்தது. ஒன்றும் இல்லை. "நாளைக்குப் பதினோரு மணிக்குப் பரிசோதனை. மனசைத் திடப்படுத்திக்கங்கம்மா" என்றார் டாக்டர் அம்மா. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். குழாயோடு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். அப்புறம் அந்தக் கண் யாரையும் பார்க்காது. விஜியையும் பார்க்காது, என்னையும் பார்க்காது. பொறாமைப்படக்கூட ஒன்றும் மிச்சம் இருக்காது.

மத்தியானம் ஒரு மணிக்கு ஊருக்குள் இறங்கினேன். கோயில் பக்கம் போகாமல் நழுவிவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. விஜி அந்த வெயிலில் ஈரப் புடவையோடு, வெறுங்காலோடு, கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். விரதத்துக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிட்டதில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"அண்ணி, பாத்துச்சா? அண்ணன் இன்னிக்காச்சும் உன்னப் பாத்துச்சா?"

"என்னையா?"

"ஆமா. அத்தத்தான் ஆத்தாகிட்ட கேட்டுகினு சுத்தறேன். என்னப் பாத்து இன்னா ஆவப் போவுது? நீதானே கூட கீற. அண்ணி மூஞ்சிய அது பாக்கணும், அதுக்குத்தான் நெருப்புல எறங்கறேன்னு சொல்லிக்கிறேன்."

நான் அங்கேயே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். நான் எனக்காக மட்டும் கேட்டதை அவள் எனக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்காக வெயிலில் காய்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். பூசாரி சொல்லவில்லை என்றேன். நான் வேண்டிக்கொள்ளவில்லை என்றேன். போன் உள்ளே வரலாம் என்றேன். பூப்பொட்டலத்தைக்கூடச் சொன்னேன்.

விஜி தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்ன நெருப்பாண்ட நிக்க வெச்சிட்டு, நீ அங்க அண்ணன் பக்கத்துல குந்திகினு கீறியா?" என்றாள். "இவ்ளோ நாளு அண்ணன் காதுல என் கொரலு வுழாம பண்ணிட்டியே அண்ணி. அது செத்துகித்துப் போயிருந்தா?"

"காப்ப அவுத்துடு விஜி. பாவம் என் தலைமேல. இப்பவே வா" என்றேன்.

"அவுக்க மாட்டேன். நீ சொல்லிக் கட்டிகினேன், சரி. ஆனா வாக்கு குடுத்தது உனக்கு இல்ல, ஆத்தாளுக்கு" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு பதினோரு மணிக்கு நான் இதே எடத்துல நிக்கிறேன். நீ போன அண்ணன் மூஞ்சிக்கு நேரா புடி. இப்போ என்கிட்ட ஒண்ணும் பேசாத. எழுந்து ஊட்டுக்குப் போ."

நான் வீட்டுக்குப் போகவில்லை. உள்ளே போய் அம்மன் முன்னால் நின்றேன். பழைய வேண்டுதலைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். "அவர் யாரை வேணா பார்க்கட்டும்மா. யாரை வேணா கூப்பிடட்டும். பார்த்தா போதும்" என்றேன். முழு மனசோடு சொன்னேன் என்று எழுதினால் அம்மன் என் நாக்கை அறுப்பாள். முக்கால் மனசோடு சொன்னேன். கால் மனசு அப்போதும் பொட்டலத்தை அளந்துகொண்டுதான் இருந்தது. அதையும் அவளிடமே சொன்னேன். "இவ்வளவுதாம்மா என்னால முடியுது, மீதியை நீ பார்த்துக்க" என்றேன்.

சனிக்கிழமை பதினோரு மணி. டாக்டர் அம்மாவும் தெரபிஸ்டும் நோட்டோடு உட்கார்ந்தார்கள். கண்ணாடி, ஒன்றும் இல்லை. கைதட்டல், ஒன்றும் இல்லை. என்னைக் கூப்பிடச் சொன்னார்கள், ஒன்றும் இல்லை. அப்போது நான் டாக்டர் அம்மாவிடம் என் பொய்யைச் சொல்லி, போனை எடுத்து வீடியோவில் விஜியைக் கூப்பிட்டேன். டாக்டர் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை இன்றைக்கும் மறக்கவில்லை. பிறகு தலையசைத்தார்.

திரையில் விஜி, பின்னால் வேப்பமரம், பம்பைச் சத்தம்.

"அண்ணாத்தே! இன்னா நீ, ஒரு வாரமா என்னக் கண்டுக்கவே இல்ல? பாப்பா கூப்பிடறேன்ல?"

இரண்டு நொடி, மூன்று நொடி. பிறகு கண் இறங்கியது. திரைக்கு வந்தது. டாக்டர் அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி இடது பக்கம் கொண்டுபோனார், கண் போனது. வலது பக்கம் கொண்டுவந்தார், வந்தது. "கையை அழுத்தச் சொல்லுங்க" என்று விஜியிடம் மெதுவாகச் சொன்னார். வீட்டுக்காரருடைய இடது கையில் என் விரல்களை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

விஜிக்கு என் முகம் திரையில் தெரிந்ததோ இல்லையோ, தெரியாது. "அண்ணாத்தே, அண்ணி கையி உன் கையில கீது. கெட்டியா புடிச்சிக்கோ. வுடாத" என்றாள்.

அழுத்தினார். என் விரலை அவர் விரல்கள் மெல்ல அழுத்தின. விடச் சொன்னார்கள், விட்டார். மறுபடி பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தார். மூன்றாவது தடவை முடியவில்லை, களைத்துவிட்டார். "போதும்" என்றார் டாக்டர் அம்மா. அடுத்த சுற்றுக்கு எழுதினார். அரை வருஷம் கழித்து என் புருஷன் என் கையைப் பிடித்தார். அதுவும் அவள் சொல்லித்தான் பிடித்தார் என்று அந்த நிமிஷத்திலும் மனசு முணுமுணுத்தது. போடி என்று அதட்டிவிட்டு அந்தக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் தீமிதி. குழிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நான் நின்றேன். விஜி கண்ணை மூடிக்கொண்டு ஓடவில்லை. நடந்து வந்தாள். அவள் காலில் தண்ணீர் ஊற்றிக் கையால் துடைத்தேன். பெருவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் இருந்தது. அது எனக்கு வர வேண்டியது. "ஒண்ணும் ஆவல அண்ணி, சும்மா லேசா சுட்டுச்சி" என்றாள். அவிழ்க்கும் நேரம் வந்தபோது மணிக்கட்டை என்னிடம் நீட்டினாள். "நீதானே கட்டிக்கச் சொன்னே, நீயே அவுறு" என்றாள். பூசாரி சிரித்துக்கொண்டே விலகிக்கொண்டார். முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

அதற்குப் பிறகு இன்னொரு சுற்றுக் காந்தம், நாலு மாதம் கை கால் பயிற்சி, பேச்சுப் பயிற்சி. விஜி வேலை முடிந்து தினமும் வந்தாள். நான் அவளுக்கு டிபன் கட்டிக்கொண்டு போனேன். தொண்டைக் குழாயை எடுத்தார்கள். வாயால் கஞ்சி குடித்தார். கார்த்திகையில் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். வலது கை இன்னும் சரியாகவில்லை. வேலைக்குத் திரும்ப முடியுமா என்று தெரியாது. கேட்டால் டாக்டர் அம்மா அவசரப்படாதீர்கள் என்கிறார். வீட்டுக்காரர் இவ்வளவு தூரம் எழுந்து வந்தது காந்தத்தாலா, குரலாலா, காலத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றும் அவரே சொன்னார். எனக்குப் பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. மூன்றையும் அனுப்பியவள் ஒருத்திதான் என்று நான் நம்புகிறேன்.

நான் மாறிவிட்டேனா என்று கேட்டால், கொஞ்சம். வெள்ளிக்கிழமை பூவை இப்போது நான்தான் வாங்குகிறேன். இரண்டு பொட்டலம். அளப்பதில்லை.

அம்மனை நம்புகிறவர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வைத்தியத்தை விடாதீர்கள். டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள். அம்மனிடம் போகும்போது மனசைக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும் என்று தயங்கி நிற்காதீர்கள். உள்ளே இருக்கிற அழுக்கோடு போங்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவள் முகம் சுளிக்க மாட்டாள். என்னிடம் சுளிக்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அவர் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை 'பாப்பா'. ஐப்பசியில் சொன்னார். அப்போது எதிரே இருந்தது விஜி இல்லை, கஞ்சிக் கிண்ணத்தோடு நான். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். இந்த மாதிரி அடிபட்டவர்களுக்குப் பேர் இடம் மாறும், போகப் போகச் சரியாகலாம் என்றார் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். இன்றுவரை சரியாகவில்லை. விஜி தலையில் அடித்துக்கொண்டு, "அது அண்ணி, நான்தான் பாப்பா" என்று சொல்லிக் கொடுக்கிறாள். சிரிக்கிறார். மறுபடி என்னைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்.

முதலில் என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன் இல்லையா? திருப்பி வாங்கிக்கொண்ட பிறகும் அவள் கொடுத்துவிட்டாள். கூப்பிடுகிறார், காலையிலிருந்து சாயங்காலம் வரை கூப்பிடுகிறார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து, "பாப்பா" என்கிறார். விஜி வேலைக்குப் போயிருக்கிறாள். வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

"தோ, வரேங்க."